பல் மருத்துவத்திற்கான எலும்பு மாற்றுப்பொருளைச் சோதிக்கும் முறை

பல் பிடுங்கிய குழி சுருங்கிவிடாமல் காப்பதற்கும், மேல்தாடையில் சைனஸ் என்னும் காற்றறையின் தளத்தை உயர்த்தி இம்ப்ளாண்ட் என்னும் செயற்கைப் பல்வேரைப் பொருத்துவதற்கும், ஈறு நோயால் அரிக்கப்பட்ட எலும்பை மீட்பதற்கும் பயன்படும் மாற்றுப்பொருள்களில் பெரும்பாலானவை கால்சியம் பாஸ்பேட் சேர்மங்களே. எலும்பின் கனிமப் பகுதியும் அதே வகையைச் சேர்ந்தது. இந்த ஒற்றுமைதான் அப்பொருள்களின் பலம். சோதனைக்கூடத்தில் நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்வதும் இதுவே. எக்ஸ்-கதிர்ப் படத்தில் பொருளும் எலும்பும் ஒன்றுபோல வெண்மையாகத் தெரிகின்றன. கால்சியத்தைக் காட்டும் சாயம் இரண்டையும் சிவப்பாக்குகிறது. ஆகவே, நாம் காண்பது உடல் உருவாக்கிய எலும்பா அல்லது நாம் வைத்த பொருளா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்படி ஒவ்வொரு கட்டத்தையும் அமைக்க வேண்டும். இத்துறையில் ஆய்வைத் தொடங்கும் முதுகலை மாணவர்களை மனத்தில் கொண்டு இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நிபந்தனை. எல்லாச் சோதனைகளையும் கிருமிநீக்கம் செய்து, நோயாளிக்குச் செல்லும் அதே நிலையில் உள்ள பொருளின் மீதே செய்ய வேண்டும். கிருமிநீக்கத்திற்காக 25 கிலோகிரே (கதிர் அளவின் அலகு) அளவில் காமா கதிர் பட்டால் கொலாஜன் போன்ற புரதங்களின் அமைப்பு மாறக்கூடும். எனவே கதிர் படுவதற்கு முன் எடுத்த அளவீடுகள் சந்தைக்கு வரும் பொருளைப் பற்றி உறுதியாக எதையும் சொல்வதில்லை.

அடுத்தது பொருளின் அடையாளம். எலும்பின் கனிமத்தை ஒத்த கால்சியம் பாஸ்பேட்டான ஹைட்ராக்சிஅபடைட்டில் கால்சியத்திற்கும் பாஸ்பரசுக்கும் உள்ள அணு விகிதம் 1.67, ட்ரைகால்சியம் பாஸ்பேட்டில் அது 1.5. இந்த விகிதத்தை மட்டும் அளந்துவிட்டு நிறைவடையக் கூடாது. சூளையில் அதிக வெப்பத்தால் ஹைட்ராக்சிஅபடைட் சிதைந்து, ட்ரைகால்சியம் பாஸ்பேட்டும் கால்சியம் ஆக்சைடும் கலந்த பொருளாக மாறினாலும், மொத்த விகிதம் அதே 1.67 ஆகவே இருக்கும். கால்சியம் ஆக்சைடு நீருடன் சேர்ந்து சுற்றுப்புறத்தைக் காரத்தன்மை உடையதாக்கித் திசுவைப் புண்படுத்தும். எந்தெந்தப் படிகங்கள் எவ்வளவு உள்ளன என்பதை எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனையே காட்டும் என்பதால் அதைத் தவிர்க்கவே கூடாது. கன உலோகங்களுக்கு ஏற்கப்பட்ட உச்ச வரம்புகள் உள்ளன: பத்து லட்சம் பங்கில் ஆர்செனிக் 3, காட்மியம் 5, பாதரசம் 5, ஈயம் 30. மாட்டெலும்பிலிருந்து எடுத்த பொருளாக இருந்தால், புரதம் எஞ்சியுள்ளதா என்பதையும் அளக்க வேண்டும். விலங்கு எந்த நாட்டிலிருந்து வந்தது, மாட்டுப்பித்த நோய் போன்ற பிரியான் நோய்க்கான அபாயம் எவ்வாறு குறைக்கப்பட்டது என்பவற்றை ஐ.எஸ்.ஓ. என்னும் பன்னாட்டுத் தர அமைப்பின் 22442 தரநிலையின்படி ஆவணப்படுத்த வேண்டும்.

துகளின் அளவைச் சல்லடையாலும், நுண்துளைகளின் அமைப்பை மின்னணு நுண்ணோக்கியாலும், எக்ஸ்-கதிரால் நுண்ணிய முப்பரிமாணப் படம் எடுக்கும் மைக்ரோ சிடி கருவியாலும் அறியலாம். பல் மருத்துவத்தில் 0.25 முதல் 1 மில்லிமீட்டர் வரையிலான துகள்கள் பெரிதும் பயன்படுகின்றன. இரத்த நாளங்களும் எலும்பும் உள்ளே வளர வேண்டுமானால் துளைகள் ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டருக்கு மேல் இருப்பதோடு ஒன்றோடொன்று இணைந்தும் இருக்க வேண்டும். மூடிய துளைகளால் பயனில்லை. குப்பியை ஆட்டிய பிறகு எவ்வளவு தூள் உதிர்கிறது என்றும் பார்க்கவேண்டும், ஏனெனில் மிக நுண்ணிய துகள்களை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் அழற்சியைத் தூண்டும். அமுக்க வலிமை எண்களுக்கு ஆய்வேடுகளில் தேவைக்கு மேல் முக்கியத்துவம் தரப்படுவதாக நான் கருதுகிறேன். சுற்றிலும் எலும்புச் சுவர்கள் காக்கும் குழிக்குள் இடப்படும் துகள், மெல்லும் விசையை நேரடியாகத் தாங்குவதில்லை.

உடல்திரவத்தை ஒத்த உப்புக்கரைசலில், 36.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 7.40 பி.எச். அளவிலும் பொருளை வைத்து, அதன் மேல் எலும்புக் கனிமத்தை ஒத்த அபடைட் படலம் படிகிறதா என்று காணும், ஜப்பானிய ஆய்வாளர் கொக்குபோவின் முறை எளிதானது; ஆகவே பலரும் அதையே முதலில் நாடுகின்றனர். இது கண்ணாடி வகைப் பொருள்களுக்குப் பொருந்துகிறது. ஆனால் உடலுக்குள் எலும்புடன் நன்றாக இணையும் பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் இக்கரைசலில் படலம் தராமல் போவதுண்டு. படலம் வந்ததாலேயே எலும்பு வளரும் என்றோ, வராததால் வளராது என்றோ முடிவு கட்டிவிட முடியாது.

செல் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 10993 தொகுதியின் ஐந்தாம் பகுதி அடிப்படை. எல்929 எனப்படும் சுண்டெலி நார்ச்செல்களைப் பொருள் ஊறிய வளர்ப்புத் திரவத்தில் வைத்து, உயிருள்ள செல்கள் 70 சதவீதத்திற்குக் கீழே குறைந்தால் நச்சுத்தன்மை இருப்பதாகக் கொள்கிறோம். இங்கே நுட்பமான தவறுகள் நேரக்கூடும். துளைகள் நிறைந்த பொருள் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். எனவே அது உறிஞ்சும் அளவைத் தனியே கண்டறிந்து, அந்த அளவு திரவத்தைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். நுண்படிக அபடைட் பொருள்கள் திரவத்திலுள்ள கால்சியத்தையும் புரதங்களையும் தம்மேல் ஈர்த்துக்கொள்கின்றன. அப்போது செல்கள் நஞ்சினால் அல்ல, பட்டினியால் மடிகின்றன. 1969 இல் லாரி ஹென்ச் உருவாக்கிய 45எஸ்5 உயிர்க்கண்ணாடி இதற்கு மாறாகத் தன் சோடியத்தை வெளியிட்டுப் பி.எச். அளவை உயர்த்துகிறது, இரத்தம் ஓடும் உடலில் அது விரைவில் சமன்படும், அசையாத் தட்டில் சமன்படாது. எனவே சோதனையின் முன்னும் பின்னும் திரவத்தின் கால்சியம், பி.எச். ஆகிய இரண்டையும் அளந்து முடிவுடன் சேர்த்தே தர வேண்டும்.

எலும்புச் செல்கள் முதிர்கின்றனவா என்று காண அல்கலைன் பாஸ்படேஸ் நொதியையும் ஆஸ்டியோகால்சின் புரதத்தையும் அளக்கலாம். பலரும் விரும்பும் அலிசரின் சிவப்புச் சாயம் கால்சியத்தோடு பிணைவதால், செல்லே இல்லாத துகளும் ஆழ்ந்த சிவப்பாகும். செல்கள் இல்லாமல் பொருளை மட்டும் அதே திரவத்தில் அதே நாள்கள் வைத்த ஒப்பீட்டுத் தட்டு இல்லையென்றால், அந்தச் சிவப்பு நிறப் படத்திற்கு எந்த மதிப்பும் இல்லை. ஆய்வேட்டை மதிப்பிடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

விலங்குச் சோதனைக்கு நெறிக்குழுவின் ஒப்புதல் பெற்ற பின்னரே இறங்க வேண்டும். செல் நிலையிலேயே விடை கிடைக்கும் கேள்விக்காக ஓர் உயிரைச் செலவிடுதல் நியாயமன்று. எலியின் மண்டையோட்டில் 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை, தானாக மூடாத குறையாகப் பொதுவாக ஏற்கப்படுகிறது. எந்த அளவைத் தேர்ந்தாலும், எதுவும் நிரப்பாத துளை ஒரு குழுவாகவும், நீண்டகாலமாகப் பயன்பாட்டில் உள்ள ஒரு பொருள் அல்லது விலங்கின் சொந்த எலும்பு இன்னொரு குழுவாகவும் இருக்க வேண்டும். வெற்றுத் துளை தானே நிரம்பிவிட்டால், நம் பொருள் எலும்பை வளர்த்தது என்று கூற இடமில்லை. மண்டையோட்டில் எச்சிலும் இல்லை, வாயின் கிருமிகளும் இல்லை. ஆகவே மனிதருக்குச் செல்லும் முன் சிறுபன்றி போன்ற பெரிய விலங்கின் தாடையிலும் சோதித்தல் நல்லது.

மைக்ரோ சிடி படம் கண்ணைக் கவரும், ஆனால் எஞ்சிய ஹைட்ராக்சிஅபடைட்டும் புதிய எலும்பும் அடர்த்தியில் நெருங்கியிருப்பதால், கணினி அவற்றைப் பிரித்துத் தரும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. கனிமத்தை நீக்காமல் ரெசினில் பதித்து, அறுத்துத் தேய்த்து மெலிதாக்கிய திசுச்சீவலே நம்பத்தக்க சான்று. கனிமத்தை அமிலத்தால் நீக்கினால் பொருளும் கரைந்து, அது இருந்த இடம் வெறுமையாகவே தெரியும். ஒவ்வொரு சீவலிலும் புதிய எலும்பு, எஞ்சிய பொருள், மென்திசு ஆகிய மூன்றின் பரப்பையும் தனித்தனியே சதவீதமாகத் தர வேண்டும். முதல் இரண்டையும் கூட்டிக் கனிமத் திசு என்று ஒரே எண்ணாக வெளியிடுவது வாசகருக்குச் செய்யும் அநீதி. கால்சீன் போன்ற ஒளிரும் சாயங்களை வெவ்வேறு வாரங்களில் ஊசியால் செலுத்தினால், அந்தந்த வாரத்தில் உருவான எலும்பு மட்டும் தனித்தனிக் கோடுகளாக ஒளிரும். அளப்பவருக்கு எந்தச் சீவல் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது தெரியக் கூடாது.

மனிதரில் ஆய்வு செய்ய இந்தியாவில் 2017 ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளும், நிறுவன நெறிக்குழுவின் ஒப்புதலும் பொருந்தும். பொருள் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வந்ததென்றால், ஒப்புதல் படிவத்தில் அதைத் தமிழில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். சமயமும் உணவுநெறியும் சார்ந்த முடிவு நோயாளியுடையது. இம்ப்ளாண்ட் பொருத்தும் நாளில், எப்படியும் துளையிட்டு வெளியேற்ற வேண்டிய எலும்பை வட்டத் துரப்பணத்தால் உருளையாக எடுத்தால், கூடுதல் காயமின்றித் திசுச் சான்று கிடைக்கும். அந்த உருளையைக் குழியின் நடுவிலிருந்து எடுக்க வேண்டும், ஓரத்திலிருந்து எடுத்தால் நோயாளியின் பழைய எலும்பும் கணக்கில் சேர்ந்துவிடும். சைனஸ் பகுதியில் எடுத்தால், அடியிலுள்ள பழைய எலும்பின் எல்லையை உருளையின் மேல் குறித்து, அதற்கு மேற்பட்ட பகுதியை மட்டும் அளக்க வேண்டும்.