75 கோடி யார் சொன்ன கணக்கு? ஆய்வேட்டில் மேற்கோள் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் டைப்பிங், பைண்டிங் கடை வைத்திருப்பவனுக்குப் பங்குனி மாதம் தூக்கம் கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்குப் பென் டிரைவோடு வந்து, "அண்ணே, நாளைக்கு சப்மிஷன்" என்பார்கள். நான் ஆராய்ச்சி செய்தவன் இல்லை. ஆனால் அடுத்தவர் ஆய்வேடுகளை எழுத்து எழுத்தாகத் தட்டியே தலை நரைத்தவன். அடிக்குறிப்பிலும் துணைநூற்பட்டியலிலும் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி.

போன பங்குனியில் ஒரு தம்பி வந்தான். தலைப்பு நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், பர்மா வணிகம். 'பர்மாவில் செட்டியார்களின் மூலதனம் 75 கோடி ரூபாய்' என்று ஒரு வரி. அதற்கு அடிக்குறிப்பு ஒரு ஞாயிறு மலர். இதே 75 கோடியை நான் அதற்கு முன்பும் இரண்டு ஆய்வேடுகளில் தட்டியிருக்கிறேன். ஒன்றில் ஆதாரம் இன்னொரு ஆய்வேடு, மற்றதில் ஆதாரமே இல்லை. அந்த எண் பிறந்த இடம் 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கொடுத்த அறிக்கை. குழு அதை ஒரு மதிப்பீடாகத்தான் சொன்னது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி எழுதி, முதலில் குழுவின் பெயர் உதிர்ந்தது, அப்புறம் 'மதிப்பீடு' உதிர்ந்தது. இப்போது யாரோ பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்த மாதிரி நிற்கிறது.

ஆதாரத்தை விட்டால் போவது மரியாதை மட்டும் இல்லை. அந்தத் தகவல் எவ்வளவு உறுதியானது என்பதும் கூடவே போய்விடுகிறது. மூல அறிக்கை கிடைக்கவில்லையா? பார்த்த நூலைச் சொல்லி, 'இன்னார் நூலில் எடுத்தாண்டபடி' என்று எழுதுங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை. பார்க்காத அறிக்கையைப் பார்த்ததாக எழுதிவிட்டு, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் "எந்தப் பக்கம்?" என்று கேட்கும்போது விழிப்பதுதான் குறைச்சல்.

அடுத்தது, சொல்லை மட்டும் மாற்றுவது. 'வட்டித் தொழில்' என்று இருந்ததை 'லேவாதேவி' என்று திருத்திவிட்டால் வரி சொந்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். கருத்து யாருடையதோ அவர் பெயர் வரத்தான் வேண்டும். பேரேட்டில் பெயரை அழித்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா?

இந்தப் பழக்கத்துக்குத் துணையாக இருப்பது அந்த 10 சதவீதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, அடுத்தவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. இதைப் பிள்ளைகள் '10 வரை திருடலாம்' என்று படிக்கிறார்கள். முறையாக ஆதாரம் காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கில் சேராது. அதனால் மேற்கோள் காட்டினால் சதவீதம் ஏறிவிடும் என்ற பயமும் வீண். இன்னொன்று, ஒப்புமையைக் கணக்கிடும் மென்பொருள் பார்ப்பது சொற்களை மட்டும்தான். பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ் அதற்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். சுழியம் என்று அறிக்கை வரும். யாருடைய எழுத்தோ அவர் ஒரு நாள் படித்தால் முதல் பத்தியிலேயே பிடித்துவிடுவார்.

நம் பக்கத்து ஆய்வுகளுக்கே உரிய ஒரு சிக்கல் வருஷம். ஒரு பெண், தேவகோட்டையில் ஒரு வீட்டுப் பெட்டியில் கிடைத்த ரங்கூன் கடிதத்தைப் பின்னிணைப்பில் சேர்த்திருந்தார். கடிதத் தலைப்பில் 'பிரபவ வருஷம் தை மாதம்'. அவர் போட்டிருந்தது 1927. பிரபவ வருஷம் 1927 சித்திரையில் பிறந்தது சரி. ஆனால் அந்த வருஷத்துத் தை, 1928 ஜனவரியில்தானே வரும்? அது மட்டும் இல்லை. அறுபது வருஷச் சுழற்சியில் பிரபவ 1867லும் வந்தது, 1987லும் வந்தது. எந்தப் பிரபவ என்று அஞ்சல் முத்திரையோ கடிதத்தில் வரும் ஆட்களோதான் சொல்ல வேண்டும். கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி, நீங்கள் கணக்கிட்ட ஆங்கில ஆண்டைப் பகர அடைப்பில் [ ] கொடுங்கள். கடிதம் இப்போது யாரிடம் இருக்கிறது என்பதையும் அவர்கள் சம்மதத்தோடு சேருங்கள். பழைய தமிழ் அச்சுப் புத்தகங்களுக்கும் இதே முறைதான்.

பெயரிலும் இதே கூத்துதான். சித. பழநியப்பன் என்று ஒருவர் எழுதியதாக வைத்துக்கொள்வோம். 'சித.' அவருடைய அப்பா பெயரின் சுருக்கம். வெளிநாட்டு நடைக் கையேட்டில் குடும்பப் பெயர் முன்னால் வர வேண்டும் என்று இருப்பதால், அப்பா பெயரையே குடும்பப் பெயராக நினைத்து, 'சித' என்பதைத் தூக்கிச் சகர வரிசையில் வைத்துவிடுகிறார்கள். மனிதர் தொலைந்தார். 'பழநியப்பன், சித.' என்பதுதான் தமிழில் தேடுகிறவர் கைக்கு அகப்படும். சாதிப் பட்டத்தைக் குடும்பப் பெயராக்கி 'செட்டியார், அ.', 'செட்டியார், ராம.' என்று வரிசையாக ஒன்பது பேரை அடுக்கிய பட்டியலையும் தட்டியிருக்கிறேன். நெறியாளர் வேறு முறை சொன்னால் அதன்படி செய்யுங்கள். ஆனால் முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை ஒரே முறை.

ஆதாரம் என்று 'கூகுள்', ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையதளமான 'சோத்கங்கா' என்று போடுகிறவர்களும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த புத்தகங்கள் இப்போது சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. அங்கே போய்ப் படித்துவிட்டு நூலகத்தின் பெயரை மட்டும் எழுதினால் எப்படி? அங்கே எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று வேண்டும்.

வாய்மொழித் தகவலுக்கு ஆதாரம் வேண்டாம் என்று எவர் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்தமான இசைகுடிமானத்தை எழுதும் முறையை வளவுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சொன்ன ஆச்சி, ஆய்வேட்டில் 'அப்பகுதி மக்கள்' ஆகிவிடுகிறார். அச்சில் வந்த அரைகுறைக் கட்டுரைக்கு அடிக்குறிப்பு உண்டு, ஆச்சிக்கு இல்லை. எனக்கு இது ரொம்பவே உறுத்தும். தகவலாளர் பட்டியலில் பெயர், வயது, ஊர், சந்தித்த தேதி நான்கும் வரட்டும். அவர் பெயர் வேண்டாம் என்றால் மறைத்து, ஊரையும் தேதியையும் மட்டும் கொடுங்கள்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய துணைநூற்பட்டியல். ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும், புத்தகம் மட்டும் உலகத்திலேயே இருக்காது. கையில் எடுத்துப் பார்க்காத நூலைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இவ்வளவுக்கும் காரணம், ஆதாரத்தைக் கடைசி ராத்திரிக்குத் தள்ளிவைப்பதுதான். படிக்கும் அன்றைக்கே ஒரு நோட்டில் நூல், பதிப்பு, பக்கம் மூன்றையும் குறித்துவிட்டால் பாதி வேலை தீர்ந்தது. நூல் விவரங்களைச் சேர்த்து வைக்க ஸோட்டெரோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, அதுவும் உதவும். எனக்கென்னவோ நாற்பது பக்க நோட்டே போதும் என்று தோன்றுகிறது.

அந்த 75 கோடித் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். அறிக்கையை எடுத்தாண்டிருந்த ஒரு நூல் அவன் பையிலேயே இருந்தது, பக்கத்தைத் தேடி எடுத்தான். 'என்று விசாரணைக் குழு மதிப்பிட்டது' என்று வரியைத் திருத்தி, அடிக்குறிப்பை நீட்டினோம். அதில் இரண்டு வரி அடுத்த பக்கத்துக்குத் தாவி, பொருளடக்கத்தில் பக்க எண் முழுக்க மாறிப்போனது. பைண்டிங் முடித்துக் கடையைப் பூட்டும்போது மணி இரண்டரை.