மிராக்கிள் ஃப்ரூட் செடி மஞ்சளாகுதா? உரத்த கீழ வைங்க, மொதல்ல தண்ணிய பாருங்க

சாப்ட்டா புளிப்ப இனிப்பா காட்டற பழந்தான் மிராக்கிள் ஃப்ரூட். அந்த செடி ரெண்டடி உயரத்துல நர்சரில பாக்கும்போது பளபளன்னு இருக்கும், வாங்கிட்டு வந்து மாடில வெச்சு ஆறு மாசம் ஆனா இலை வெளுத்து நுனி கருகி பாவமா நிக்கும். எனக்கும் அதேதான் நடந்துச்சு. நானும் சத்து பத்தலன்னு நெனச்சு மண்புழு உரம், கடலைப்புண்ணாக்குன்னு மாத்தி மாத்தி போட்டேன், இன்னும் மோசமாச்சு.

இதோட சொந்த ஊரு மேற்கு ஆப்பிரிக்கா, புளிப்பான மண்ணுல வளர்ற குத்துச்செடி. மண்ணோட பிஹெச் (புளிப்பு அளவு, நம்பர் கொறைய கொறைய புளிப்பு ஜாஸ்தி) 4.5ல இருந்து 5.8க்குள்ள இருந்தாதான் அதுக்கு ஒத்துக்கும். நம்ம போர் தண்ணி பல ஏரியால உப்பும் சுண்ணாம்பும், அத தெனம் ஊத்த ஊத்த மண்ணு காரமாயிடும் (புளிப்புக்கு நேர் எதிர், மொளகா காரம் இல்ல), அப்புறம் மண்ணுல இரும்புச்சத்து இருந்தாலும் வேரால எடுக்க முடியாது. புது இலைய உத்து பாருங்க, நரம்பு மட்டும் பச்சையா இருந்து நடுவுல எல்லாம் மஞ்சளா இருந்தா இதுதான் பிரச்சனை. உரம் போட்டா உப்பு இன்னும் ஏறும், அவ்ளோதான்.

இதுல பெரிய கூத்து என்னன்னா, எங்கம்மா ரோஜாவுக்கு போடற மாதிரியே முட்டை ஓட்டுத்தூளும் அடுப்பு சாம்பலும் இதுக்கும் ஆசையா போட்டுட்டு இருந்தாங்க. ரெண்டுமே மண்ண இன்னும் காரமாக்கும். ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய வர்ற வேஸ்ட் தண்ணியும் வேணாம், அதுல உப்பு இன்னும் ஜாஸ்தி. மழைத்தண்ணிய டிரம்ல புடிச்சு வைங்க, இல்லன்னா ஏசில இருந்து சொட்டற தண்ணி, அதுல உப்பே கிடையாது. நான் ஏசி பைப்புக்கு கீழ பக்கெட் வெச்சுதான் என் செடிய காப்பாத்துனேன், மஞ்சளான பழைய இலை திரும்பல, ஆனா புதுசா வந்த தளிர் நல்ல பச்சை.

கோகோபீட்ட (தேங்கா நார்த்தூள்) கழுவாம போடாதீங்க, அதுலயும் உப்பு இருக்கும், ரெண்டு மூணு தடவ அலசிட்டு மணலும் மக்குன இலையும் கலந்துக்கங்க. தொட்டில தண்ணி தேங்கக்கூடாது, மண்ணு காயவும் கூடாது. கத்திரி வெயில்ல நேரா வைக்காம நெட் நிழல்ல வைங்க.

விதை போடறவங்க செய்யற தப்பு, காய வெச்சு டப்பால போட்டு வெக்கறது. காஞ்சா மொளைக்காது, பழம் சாப்ட்ட அன்னிக்கே சதைய கழுவிட்டு ஊனிடுங்க. அப்புறம் பொறுமை, விதைல இருந்து காய்க்க மூணு நாலு வருஷம் ஆகும், ரொம்ப மெதுவா வளரும். அவசரப்பட்டு பெரிய டிரம்முக்கு மாத்தாதீங்க, சின்ன வேருக்கு அவ்ளோ ஈரம் தாங்காது, அழுகிடும்.

காய்ச்சதும் நடக்கற தப்பு ஒண்ணு இருக்கு, ஜாம் போடலாமான்னு கேப்பாங்க. இனிப்பு பழத்துல இல்லங்க, அதுல இருக்கற மிராகுலின்ங்கற புரதம் நாக்குல ஒட்டிக்கிட்டு புளிப்ப இனிப்பா காட்டுது, சூடு பண்ணா அது வேலை செய்யாது. பழத்த வாய்ல போட்டு ஒரு நிமிஷம் நாக்கு முழுக்க உருட்டிட்டு விதைய துப்பிடுங்க, கடிச்சா கசக்கும். எங்க வீட்ல மொத பழம் சாப்ட்டு அப்பா காப்பி குடிச்சுட்டு "ஒண்ணும் தெரியலயேடா"ன்னாரு, எலுமிச்சம்பழத்த வெட்டி குடுத்தேன், முழு மூடியையும் உறிஞ்சிட்டு அடுத்தத கேட்டாரு. நாக்குக்குதான் இனிப்பு, வயித்துக்கு அது எலுமிச்சைதான், ராத்திரி பூரா நெஞ்செரிச்சல்.