சேர்மம் செல் சுழற்சியை எங்கே நிறுத்துகிறது? சோதிக்கும் முறை

செங்கோட்டையில் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின், பிரியப்போகும் செல்லை எம் கட்டத்தில், அதாவது இரண்டாகப் பிரியும் கட்டத்தில், மடக்குகிறது. 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்போசிக்ளிப் என்ற புற்றுநோய் மருந்து, டிஎன்ஏ நகலாவதற்கு முந்திய ஜி1 கட்டத்திலேயே கதவைச் சாத்திவிடும். உங்கள் கையிலிருக்கும் சேர்மம் எங்கே மறிக்கிறது என்று தெரியாமல் அதன் வடிவத்தை மாற்றிக்கொண்டே போவது வீண் வேலை.

முதலில் கரைசல். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 10 மில்லிமோலார் தயாரித்து, செல் வளரும் ஊடகம் 1 மிலி-க்கு 1 மைக்ரோலிட்டர் விட்டால் 10 மைக்ரோமோலார். சேர்மம் விடாத ஒப்பீட்டுக் கிணற்றிலும் (செல் வளர்க்கும் தட்டின் குழியிலும்) அதே 0.1 சதவீத டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும். டிஎம்எஸ்ஓ காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சாரல் காலத்தில் மூடி திறந்த பாட்டிலை நம்ப வேண்டாம். சிறு குழாய்களில் பிரித்து உறையவைத்து, ஒவ்வொன்றையும் ஒரே தடவை உருக்குங்கள். ஊடகத்தில் விட்டதும் நுண்ணோக்கியில் பாருங்கள். ஊசி ஊசியாகப் படிகம் தெரிந்தால் செறிவைக் குறைக்க வேண்டியதுதான்.

செல் தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். கைக்கு எட்டுகிறதே என்று ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்களை எடுத்து, பால்போசிக்ளிப்பை ஒப்பீடாக வைத்தால் ஒன்றும் நடக்காது. ஹீலாவில் இருக்கும் ஹெச்பிவி வைரஸின் இ7 புரதம், அந்த மருந்து செயல்படத் தேவையான ஆர்பி புரதத்தை முடக்கிவிட்டது. எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களை எடுங்கள், பால்போசிக்ளிப் 1 மைக்ரோமோலார், 24 மணி நேரம்.

ஆறு கிணற்றுத் தட்டில் பாதி நிரம்பிய நிலையில் மருந்து விடுங்கள். நெருக்கியடித்த செல்கள் தாமாகவே ஜி1-இல் தேங்கி, மருந்தின் வேலை போலக் காட்டும். அறுவடையின்போது பழைய ஊடகத்தைக் கொட்டிவிடாதீர்கள்! எம் கட்டத்தில் மாட்டிய செல் உருண்டு, தட்டை விட்டு மிதக்கும். தேடுவதே அந்தச் செல்லைத்தான். மிதப்பதையும் ஒட்டியிருப்பதையும் ஒன்றாகச் சேர்த்து மையவிலக்கியில் சுழற்றுங்கள்.

பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கழுவி, குழாயை மெல்ல அதிரவிட்டபடி, குளிர்ந்த 70 சதவீத எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் செல்கள் கட்டிப்போகும். மைனஸ் 20 டிகிரியில் ஓர் இரவு. பிறகு கழுவி, மிலி-க்கு டிஎன்ஏ-வில் ஒட்டி ஒளிரும் சாயமான புரோப்பிடியம் அயோடைடு 50 மைக்ரோகிராம், ஆர்என்ஏ-வை வெட்டும் நொதியான ஆர்என்ஏஸ்-ஏ 100 மைக்ரோகிராம். 37 டிகிரியில் இருட்டில் 30 நிமிடம். ஆர்என்ஏஸ் மறந்தால் சாயம் ஆர்என்ஏ-வையும் பிடித்து முகடுகளை அகலமாக்கிவிடும். கையுறை கட்டாயம்.

ஒவ்வொரு செல்லின் சாய ஒளியையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஜி1 முகடு 200-இல் நின்றால், டிஎன்ஏ இரட்டித்த ஜி2 (பிரிவுக்கு முந்திய கட்டம்), எம் செல்களின் முகடு 400 அருகே வரும். ஒட்டிக்கொண்ட இரண்டு ஜி1 செல்லும் அதே 400-இல்தான் விழும். பரப்பளவுக்கு எதிராக அகலத்தை வரைந்து அவற்றை விலக்கிய பிறகு 10,000 ஒற்றைச் செல்களாவது எண்ணுங்கள். 400-இல் குவிந்தது ஜி2-வா எம்-மா என்பதை இந்தச் சாயம் பிரித்துச் சொல்லாது. அதற்கு ஹிஸ்டோன் ஹெச்3-இன் செரின் 10 பாஸ்பேட்டைப் பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டும். எம் கட்டத்தில் அது பளிச்சென்று ஏறும்.

உயிருள்ள செல் எம்டிடி என்ற சாயத்தை ஊதாவாக மாற்றுவதை அளக்கும் எம்டிடி சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ஜி1-இல் நின்ற செல் சாவதில்லை, பெருத்து வளர்கிறது. எம்டிடி-யை ஊதாவாக மாற்றியபடியே இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும். செல்களை நேரடியாக எண்ணிப் பாருங்கள்.