ஹைட்ரோஸும் பெராக்சைடும் ஒரே வண்டியில் போகலாமா?

2025 ஜனவரி 3-ஆம் தேதி அதிகாலையில், கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் சமையல் எரிவாயு டேங்கர் ஒன்று லாரியிலிருந்து கழன்று கவிழ்ந்தபோது, அருகிலிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியதாயிற்று. ஆபத்தான சரக்கு என்றால் இத்தகைய டேங்கர் மட்டுமே என்று எண்ணிக்கொண்டு, திருப்பூர், ஈரோடு, பெருந்துறைப் பகுதிச் சாயப்பட்டறைகளுக்குக் குட்டியானை வண்டிகளில் அன்றாடம் போகும் ரசாயனக் கேன்களையும் டிரம்களையும் சாதாரணச் சரக்காக நடத்துவதுதான் முதல் தவறு.

பட்டறை கேட்ட எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட், ஈரம் பட்டால் தானாகவே சூடேறி, கந்தக டை ஆக்சைடு வாயுவை வெளியிட்டுத் தீப்பற்றக்கூடியது. ஹைட்ரஜன் பெராக்சைடோ, தீக்கு ஆக்சிஜன் கொடுத்து வளர்ப்பது. ஹைப்போ எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒரு நடை டீசல் மிச்சம் என்ற கணக்கை இங்கே பார்க்கவே கூடாது. இவற்றைத் தனித்தனி நடையாகத்தான் அனுப்ப வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பெராக்சைடு கேனின் மூடியில் வாயு வெளியேற வழி இருக்கும். வழிகிறதே என்று அதை டேப் ஒட்டி அடைத்தாலோ, துருப்பிடித்த டிரம்மில் மாற்றி ஊற்றினாலோ, உள்ளே அழுத்தம் ஏறிக் கலன் வெடிக்கலாம். கேன்கள் ஆடாமலிருக்கப் பனியன் வேஸ்டை, அதாவது கழிவுத் துணியைத் திணிப்பது நம் ஊர் வழக்கம். செறிவான பெராக்சைடு ஊறிய துணி தானே பற்றிக்கொள்ளும் என்பதால் அதையும் விட்டுவிட வேண்டும்.

பில்லில் வெறுமனே ‘கெமிக்கல்’ என்று எழுதி அனுப்புகிறவர்கள், விபத்து நடந்த இடத்துக்கு வரும் தீயணைப்பு வீரரை நினைத்துப் பார்ப்பதில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், சரக்கைப் பற்றிய விவரத்தை ஓட்டுநரிடம் எழுத்தில் தரச் சொல்கின்றன. வண்டியில் அவசரத் தகவல் பலகையையும், ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சியையும் கட்டாயமாக்குகின்றன. பலகையில், ஆபத்தான சரக்கை அடையாளம் காட்டும் ஐ.நா. எண்ணாக 1384 இருந்தால் அது ஹைட்ரோஸ். ஒரு வாளித் தண்ணீர் அந்தத் தீயைத் தூண்டிவிடும், வெள்ளமாகப் பாய்ச்சினால்தான் அடங்கும். போன லோடின் பலகையைக் கழற்றாமல் ஓட்டுவது, பலகையே இல்லாததைவிட மோசமாக வழிதவற வைக்கும்.

பாதை விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சத்தியமங்கலத்திலிருந்து கர்நாடகத்தின் சாமராஜநகருக்குப் போகும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 2022 பிப்ரவரி முதல் மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணி வரை கனரக வாகனங்களுக்கு அங்கே தடையும் இருக்கிறது. நேரம் பார்க்காமல் பிற்பகலில் சாமராஜநகருக்கு லோடு அனுப்பினால், அந்த வண்டி இரவு முழுவதும் மற்ற லாரிகளுக்கு நடுவே, பக்கத்தில் யாரோ அடுப்பு மூட்டிச் சமைக்கும் இடத்தில் நிற்க நேரிடும்.

திரும்பி வரும் கேன்களைக் ‘காலி’ என்று சொல்லி, ஆசிட் கேனையும் ஹைப்போ கேனையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். அடியில் தங்கிய மிச்சம் கலந்தாலும் அதே குளோரின்தான் வரும். கழுவி, லேபிளை அகற்றும் வரை அவை காலியான கேன்கள் அல்ல.