குரங்கையும் அகழெலியையும் ஒப்பிடும்போது வரும் தவறுகள்

மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அகழெலி (mole) என்ற பெயரைக் கேட்டதும் எலி வகை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெயரில்தான் எலி இருக்கிறது. நம் டெல்டாவில் அகழெலி கிடையாது. இந்தியாவில் கிழக்கு இமயமலைப் பக்கம் போக வேண்டும். அதனால் பிள்ளைகளுக்கு விளக்கும்போது, வரப்பைக் குடையும் வயல் எலியைக் காட்டி "இது மாதிரிதான்" என்று சொல்லிவிடுவது வழக்கம். தயவுசெய்து வேண்டாம். காட்டுவதானால் வீட்டில் ஓடும் மூஞ்சூற்றைக் காட்டுங்கள். அகழெலிக்கு நெருங்கிய சொந்தம் அதுதான்.

சந்தேகம் இருந்தால் வாயைப் பாருங்கள். கிட்டியில் மாட்டிய வயல் எலிக்கு முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று உளி போன்ற மஞ்சள் பற்கள் இருக்கும். அப்புறம் பல்லே இல்லாத வெற்றிடம், அதற்குப் பின்னால்தான் கடைவாய்ப் பற்கள். மூஞ்சூற்றின் வாயில் அந்த இடைவெளி இருக்காது. ஊசி ஊசியாக வரிசை கட்டியிருக்கும். கரப்பானையும் புழுவையும் கடித்துத் தின்பதற்கான வாய் அது. பிள்ளையார் வாகனம் என்று கும்பிட்டுவிட்டு, நெல் மூட்டை ஓரம் ஓடியதற்காக எலி மருந்து வைத்துக் கொல்வதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இதைவிடப் பெரிய தவறு, எலியும் அகழெலியும் ஒரு குடும்பம், குரங்கு தனி என்று பிரிப்பது. மரபணுவைப் பார்த்தால் எலி, குரங்கு, மனிதர் எல்லாம் ஒரு கிளை. அகழெலியும் மூஞ்சூறும் மாடு, நாய், வௌவாலோடு இன்னொரு கிளை. இரண்டும் பிரிந்தது ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஆக, வயல் எலி கோடியக்கரைக் குரங்குக்குத்தான் கிட்டத்துச் சொந்தம்.

சரி, அவ்வளவு தூரத்துச் சொந்தம் என்றால் ஒப்பிட ஒன்றும் இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. குரங்கு வேர்க்கடலையை விரல் நுனியில் பிடித்து உரிக்கும். அகழெலியின் கை மண்வெட்டி போல வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். தோலுக்கு உள்ளே கணக்கு ஒன்றுதான்: மேல்கையில் ஒரு எலும்பு, முன்கையில் இரண்டு, அப்புறம் மணிக்கட்டு, ஐந்து விரல்கள். மண்ணைத் தள்ளித் தள்ளி வாழும் அகழெலிக்கு மேல்கை எலும்பு குட்டையாக, அகலமாக மாறியிருக்கிறது. கழுத்து முள்ளெலும்பும் இரண்டுக்கும் ஏழுதான்.

விரலை எண்ணும்போது மட்டும் கவனம். அகழெலியின் கட்டைவிரலை ஒட்டி ஆறாவது விரல் மாதிரி ஒன்று தெரியும். அதில் மூட்டு இல்லை, நகம் இல்லை. மணிக்கட்டிலிருந்து கதிர் அரிவாள் போல வளைந்து வளர்ந்த எலும்பு அது.