தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தை மலேசியாவில் பார்க்கும்போது

தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கத்தில் திதி, நட்சத்திரம் முடியும் நேரத்தோடு 2 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். அங்கே இரவு 10.15க்கு முடியும் திதி இங்கே நள்ளிரவு தாண்டி 12.45 வரை இருக்கும். நாழிகையில் போட்டிருந்தால், நாழிகைக்கு 24 நிமிடம் வீதம் அந்த ஊர்ச் சூரிய உதயத்தோடு முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ராகு காலத்துக்கு இப்படிக் கூட்டவே கூடாது; பலர் தவறுவது இங்கேதான். அது உள்ளூர்ப் பகலின் எட்டில் ஒரு பங்கு. கோலாலம்பூர், பினாங்கில் உதயம் ஏறக்குறைய 7 முதல் 7.30க்குள், பகல் சுமார் 12 மணி நேரம். திங்களன்று இரண்டாம் பங்கு: உதயம் 7.15 என்றால் 8.45 முதல் 10.15 வரை. காலண்டரில் உள்ள 7.30–9.00, உதயம் 6 மணி என்று வைத்துப் போட்டது. வெள்ளிக்கு நான்காம் பங்கு, ஞாயிறுக்கு எட்டாவது.