ஊசி நோகும் என்று சொல்லிவிடுங்கள்

போன மாரியில் என் மகளுக்கு டெங்கு. வயது ஐந்து. வன்னியின் ஒட்டுசுட்டானிலிருந்து வைத்தியசாலைக்கு ஓட்டோவில் போகும்போதே, "ஊசி போடுவார்களா அம்மா?" என்று கேட்டாள். "இல்லை குஞ்சு, டொக்டர் சும்மா பார்ப்பார்" என்றேன். ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, இரண்டு பேர் கையைப் பிடிக்க மூன்றாமவர் ஊசி குத்தினார். அதன்பின் நான் நீட்டிய இளநீரைக்கூட அவள் நம்பிக் குடிக்கவில்லை. டெங்குக் காய்ச்சலில் குடிக்கும் ஒவ்வொரு மிடறையும் அளந்து எழுதுவார்கள். என் பொய்யால் அந்தத் தாளில் இரண்டு நாள் கணக்குக் குறைந்தது.

ஆகவே ஊசி உண்டென்றால் உண்டென்றே சொல்லுங்கள். "நோகும். அம்மா பக்கத்திலேயே இருப்பேன். நீ கத்தலாம், கையை மட்டும் அசைக்காதே." இவ்வளவு போதும். முன்கூட்டியே நாள் குறித்த சத்திரசிகிச்சை என்றால், சின்னப் பிள்ளைக்கு ஓரிரு நாள் முன்பு சொல்லுங்கள்; அதற்கு முந்தினால் பயம்தான் வளரும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கிழமை வேண்டும், கேள்விகள் கேட்க.

எதற்குப் பயம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். நான் கேட்கப் பிந்திவிட்டேன். ஒவ்வொரு முறை இரத்தம் எடுக்கும்போதும் அவள் அழுதது நோவால் என்றே நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் இரவு, நுளம்பு வலைக்குள் என் காதோடு கேட்டாள்: "என் இரத்தம் முடிந்துபோனால் நான் செத்துவிடுவேனா?" ஐந்து வயதுப் பிள்ளையின் உடம்பில் ஒரு லீற்றருக்கு மேல் இரத்தம் ஓடுகிறது, பரிசோதனைக்கு எடுப்பது பெரும்பாலும் ஒரு தேக்கரண்டியிலும் குறைவு. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலிலிருந்து மருந்துக் கரண்டியில் கொஞ்சம் ஊற்றிக் காட்டினேன். போத்தலை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நிறைய மிச்சம் இருக்கிறது" என்றாள். அடுத்த நாள் கையைத் தானே நீட்டினாள்.

கையில் ஒட்டியிருக்கும் கனுலாவும் அப்படித்தான். உள்ளே ஊசி நிற்கிறது என்று பல பிள்ளைகள் நினைக்கின்றன. ஊசியை அப்போதே எடுத்துவிடுவார்கள், மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டுமே உள்ளே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகள் நோயைத் தண்டனை என்றும் எண்ணிக்கொள்ளும். "சொல்வழி கேளாமல் திரிந்தாய், அதுதான்" என்று அம்மம்மா சொன்னது என் மகளின் மனதில் அப்படியே தங்கியிருந்தது. நுளம்பு கடித்ததால் வந்தது, நீ செய்த எதனாலும் இல்லை என்று ஒரு தரமல்ல, பத்துத் தரம் சொல்ல வேண்டியிருந்தது. "குழப்படி செய்தால் டொக்டரிடம் சொல்லி ஊசி போடுவிப்பேன்" என்ற வெருட்டலை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, எங்கள் வன்னிக்கென்றே சொல்ல வேண்டியது. 2009இல், போரின் கடைசி மாதங்களில், பாடசாலைக் கட்டடங்களில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளில் நாங்கள் கண்டதை எங்கள் உடம்பு மறக்கவில்லை. மருந்து நெடி மூக்கில் ஏறியதும் என் கை குளிர்ந்துவிடும். பிள்ளை அந்தக் கையைத்தான் பிடித்திருக்கிறது. அப்படி வந்தால் அதை மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள். "முகம் கழுவிவிட்டு வருகிறேன், அதுவரை சித்தி இருப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே போய், மூச்சு அடங்கியதும் சொன்னபடியே திரும்பி வாருங்கள். பிள்ளை நித்திரையாக இருக்கும்போது சொல்லாமல் நழுவிப் போகவே வேண்டாம்.

பையில் பிள்ளையின் பழைய போர்வையை வையுங்கள். தோய்க்காவிட்டாலும் பரவாயில்லை, வீட்டு மணம்தான் முக்கியம்.

வீடு திரும்பியபின் சில நாள் படுக்கையில் சிறுநீர் போகலாம், முந்தானையை விடாமல் திரியலாம். ஏசாதீர்கள். ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றையும் கொஞ்சம் பஞ்சையும் விளையாடக் கொடுங்கள். என் மகள் திண்ணையில் அம்மம்மாவைப் படுக்கவைத்துச் சேலைன் ஏற்றினாள். ஏற்றும் முன் குனிந்து, "நோகும் அம்மம்மா, கையை அசைக்காதீர்கள்" என்றாள்.